பெயர் காட்டும் டேக்

மேலாளர் யெஸ்பர் கேட்டது இரண்டு பக்கம்தான். இணையத்தளத்தில் ஸ்டாண்டர்ட் டேக்குகளை வைத்துக்கொள்வதா, மைக்கல் எழுதிய சொந்த டேக்குகளை வைத்துக்கொள்வதா, ஏன் என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொன்னார். மைக்கலுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்பதையும் அதே குரலில் சொன்னார். மிதுஷா தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள். மைக்கலின் மேசை அவளுக்கு எதிரே இருந்தது. அவர் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துத் தின்றாள்.

அலுவலகம் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பழைய தொழிற்சாலை ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் தனியார் நிறுவனங்களுக்கு அவர்கள் இணையத்தளம் செய்து கொடுத்தார்கள். எந்த உதவியாளர் எத்தனை மணிக்கு யாருடைய கதவைத் தட்ட வேண்டும் என்பது அந்தத் தளத்தில்தான் இருக்கும். வேலை செய்த பதினொரு பேரில் இரண்டு பேர் தமிழர். யாழ்ப்பாணத்து இளவாலையிலிருந்து முப்பது வருடங்களுக்கு முன் வந்த மைக்கல் ஒருவர். கோல்டிங்கில் பிறந்து வளர்ந்த மிதுஷா மற்றவள்.

பக்கத்தைத் திறக்கும்போது பெயரையும் நேரத்தையும் முகவரியையும் உரிய இடத்தில் கொண்டுவந்து போடுவது டேக். ஸ்டாண்டர்ட் டேக்குகள் உலகம் முழுவதும் ஒன்றுதான். பெட்டியில் இருப்பதை எடுத்து அப்படியே காட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர் முதல் நாளே வாசித்துப் புரிந்துகொள்ளலாம். சொந்த டேக் அப்படியில்லை. ஒருவர் தன் நிறுவனத்தின் தேவைக்கென்று தானே எழுதிவைப்பது அது. வெளியே ஒரு சொல்தான் தெரியும், உள்ளே என்ன நடக்கிறது என்பது எழுதியவருக்கே வெளிச்சம். மைக்கல் எண்பத்திநான்கு எழுதியிருந்தார்.

இப்போது தளம் ஓடும் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டாண்டர்ட் டேக்குகள் அடங்கிய லைப்ரரிக்குப் புதிய பதிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. அதை எடுத்துப் போட்டால் முடிந்தது. மைக்கலின் எண்பத்திநான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால்தான் அவை புதிய சேர்வரில் ஓடும். அதைச் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். சொந்த டேக்குகள் வேண்டாம் என்று முடிவானால் அவருக்கு அங்கே செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வந்து முதல் பத்து வருடம் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டு, நாற்பதை நெருங்கும்போது படித்து இந்தக் கதிரைக்கு வந்தவர். இது போனால் இன்னொரு கதிரை கிடைக்காது. மிதுஷாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

அவரோடு வேலை செய்வது இலகுவாக இருக்கவில்லை. சந்தேகம் கேட்டால் முதலில் தேடிப் பார்க்கச் சொல்வார். இரண்டு நாள் தவிக்கவிட்டு மூன்றாம் நாள் அரை நிமிடத்தில் காட்டித் தருவார். அவளுடைய தமிழைக் கேட்டுச் சிரிப்பார். கோல்டிங்கில் நடந்த ஒரு கலியாண வீட்டில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் கடையில் கட்டித் தந்தால்தான் சரி என்று அவளைச் சுட்டியே சொல்லியிருந்தார். அது அம்மாவின் வழியாக அவள் காதுக்கு வந்தது. ஒருமுறை அவள் ஸ்டாண்டர்ட் டேக்குகளைப் பற்றி எடுத்தபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரே சைஸ் சப்பாத்து," என்றார். "ஆரோ ஒருத்தருக்குக் கடிக்கத்தான் செய்யும், பிள்ளை."

நிரலுக்குள் அவர் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள் யாவும் ஆங்கில எழுத்தில் யாழ்ப்பாணத் தமிழாக இருந்தன. அவர் வேலைக்கு வந்த காலத்தில் அவற்றை வாசிக்க வேறு எவரும் இல்லை, தனக்கென்றுதான் எழுதினார். இதில் கை வைத்தால் கை முறியும் என்று ஓரிடத்தில் இருந்தது. மிதுஷாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அம்மாவோடு வாட்ஸ்அப்பில் இப்படித்தான் பேசிக்கொண்டாள் என்பதால் அந்தக் குறிப்புகளை இலகுவாக வாசித்தாள். அறிக்கையை அவளிடம் கேட்டதற்கும் அதுதான் காரணம்.

ஒக்டோபரில் நடந்ததை அறிக்கையில் சேர்க்க வேண்டியிருந்தது.

கோல்டிங்கில் சூசைதாசன் என்றொரு முதியவரும் அவருடைய மனைவி கத்தரீனாவும் இருந்தார்கள். இருவருக்கும் உதவியாளர் வருவார். சூசைதாசனுக்கு வாரம் ஒருமுறை, திங்கட்கிழமைகளில், குளிக்கத்தான் உதவி தேவைப்பட்டது. கத்தரீனாவைக் காலையில் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்தவும் இரவில் கதிரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தவும் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை கத்தரீனாவைக் கதிரையில் இருத்திவிட்டு உதவியாளர் போனார். பதினொரு மணிக்குச் சூசைதாசனுக்கு நெஞ்சு வலித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பும்வரை அவருக்கான வருகைகளை நிறுத்திவைக்கும்படி பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சொல்லப்பட்டது. அங்கிருந்த பெண் தளத்தைத் திறந்து சூசைதாசன் என்ற பெயரைத் தேடி நிறுத்தினாள். நின்றது கத்தரீனாவின் வருகைகள்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. டென்மார்க்கில் பதியும்போது அந்த இடத்தில் ஏதாவது எழுத வேண்டும். பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயரை எழுதினார்கள், மனைவிக்குக் கணவனின் பெயரை எழுதினார்கள். கணவனுக்கு அவனுடைய தகப்பனின் பெயர் போனது. தளத்தில் இடம் குறைவு என்பதால் முதற்பெயரில் ஓர் எழுத்தும் குடும்பப் பெயரும்தான் தெரியும். ஆகவே ஸ்டாண்டர்ட் டேக் போட்ட பக்கத்தில் கிழவர் சூ. நீக்கிலாஸ், கிழவி க. சூசைதாசன். மைக்கலின் டேக் போட்ட பக்கத்தில் கிழவர் சூசைதாசன், கிழவி கத்தரீனா. அலுவலகப் பெண் தினமும் பார்க்கும் வருகைப் பட்டியலில் மைக்கலின் டேக் இருந்தது. அந்த மனிதரை அவள் சூசைதாசன் என்றே அறிந்திருந்தாள். வருகைகளை நிறுத்தும் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் டேக் இருந்தது. சூசைதாசன் என்று அங்கே கண்டதும் அழுத்தினாள். முன்னால் நின்ற ஓர் எழுத்தை அவள் கவனிக்கவில்லை. எவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

கத்தரீனா வெள்ளி இரவும் சனி இரவும் கதிரையிலேயே இருந்தார். அவசர மணி கட்டிலருகே இருந்தது. தொலைபேசி அலுமாரித் தட்டில் பலமுறை அடித்து ஓய்ந்தது. ஞாயிறு மதியம் தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் போய்ப் பார்க்கும்போது அவருக்குப் பேச்சு வரவில்லை. உயிர் பிழைத்தார். பிறகு வீடு திரும்பவில்லை, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். சூசைதாசன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவாரத்தில் வெறும் வீட்டுக்கு வந்தார்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, மிதுஷா இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்தாள். ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. நிறுத்தும் பக்கத்திலும் முன்பு மைக்கலின் டேக்தான் இருந்தது. ஏதோ ஒரு சிறு மாற்றத்துக்காக அவரைக் கேட்டுக் கேட்டு அலுத்து, ஏப்ரலில் அவளே அதை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் டேக்கைப் போட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அவருடையதாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது. இரண்டும் ஸ்டாண்டர்டாக இருந்திருந்தாலும் நடந்திராது.

திரையை அணைத்துவிட்டு வெகுநேரம் இருந்தாள். யெஸ்பரிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். பிழை எல்லோரும் விடுவதுதான், நன்றி, இனி இப்படி நடக்காமல் என்ன செய்யலாம் என்று யோசிப்போம் என்பார். அவளுக்கு எதுவும் ஆகாது. பயம் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. பயம் அப்போது அவளிடம் இருக்கவே இல்லை.

மைக்கலின் டேக்குக்குள் அந்த விதி வந்த கதையும் அவளுக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய அப்பா நித்தியானந்தன் இறந்தார். அவள் ஒரு டெனிஷ்காரனோடு ஹோர்சன்ஸில் குடியிருக்கப் போன நாளிலிருந்து அவர் அவளோடு கதைக்கவில்லை. இரண்டு வருடம். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டபோதும் அவள் முன்னால் இருந்த உப்பை அம்மாவிடம்தான் கேட்டார். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்தபோது கையை இழுக்கவில்லை. அவ்வளவுதான். செத்த வீடு முடிந்து வேலைக்கு வந்த அன்று தளத்தைத் திறந்ததும் மேல் மூலையில் மி. நித்தியானந்தன் என்று அவளுக்கு வணக்கம் சொன்னது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே இருந்த மைக்கல் என்ன என்று கேட்டார். இந்தப் பெயரால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவள் உடைந்த தமிழில் சொன்னாள், அப்பா கதைக்காமலே போனதையும் அழுதபடி சொன்னாள். அவர் அப்பிளை நறுக்கி முடித்தார். மறுநாள் காலை மூலையில் மிதுஷா என்று இருந்தது.

ஒவ்வோர் ஆளின் விபரத்திலும் ஒரு சிறு கட்டத்தைச் சேர்த்திருந்தார். அதில் டிக் இருந்தால் அவருடைய டேக் சொந்தப் பெயரைக் காட்டும். அதோடு விடவில்லை. ஊழியரிலும் முதியவர்களிலும் இருந்த நாற்பத்துச் சொச்சம் தமிழருக்கும், யாரையும் கேட்காமல், தானே டிக் போட்டார். தமிழ் உதவியாளர்களுக்குச் சந்தோசம். நிறுவனத்தில் எவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றாக அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். ஸ்டாண்டர்ட் டேக்குகளை எவரும் வாசிக்கலாம், எவரும் பராமரிக்கலாம் என்று தொடங்கியது. சொந்த டேக்குகள் ஒரு தனிமனிதரைச் சார்ந்தவை. அவற்றில் ஒன்று, நிறுவனம் அறியாத விதியொன்றின்படி ஆட்களின் பெயரை மாற்றிக் காட்டுகிறது. ஒக்டோபர் சம்பவத்தில் திரையில் தெரிந்த பெயர் பதிவிலிருந்த பெயர் அல்ல. இனிமேல் பெயரை மாற்றும் எந்த விதியும் தளத்தில் இருக்கக் கூடாது. எழுதிய எதுவும் பொய்யில்லை. ஏப்ரலைப் பற்றி எதுவும் இல்லை. அந்த டேக்கின் தலையில் இருந்த தமிழ்க் குறிப்பை மொழிபெயர்த்து இணைக்கும்படி யெஸ்பர் கேட்டார். அவள் மூன்று வரியில் இணைத்தாள்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் கண்ணாடி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். யெஸ்பர், ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் ஆளணிப் பிரிவுப் பெண், மைக்கல், மிதுஷா. அறிக்கையின் பிரதி ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது. மைக்கல் அதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்தார். ஒக்டோபர் பற்றிய இடத்தில் நின்றார், அதை மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவருடைய குறிப்பின் டெனிஷ் மொழிபெயர்ப்பு இருந்தது. பெயர்கள், என் விருப்பப்படி. டிக் இருந்தால் முதற்பெயர். தொட வேண்டாம். அதை இரண்டு தரம் வாசித்தார்.

இது சரியில்லை என்று டெனிஷில் சொன்னார். சுவரில் இருந்த பெரிய திரையில் மூலக் குறிப்பு தெரிந்தது. அதன் முதல் சொல்லைக் காட்டி, இது இவளுடைய பெயர், இவள்தான் கேட்டாள் என்றார். யெஸ்பர் மிதுஷாவைப் பார்த்தார். அவள் தன் பெயர் அங்கே இருப்பது உண்மை என்றாள். புதிய டேக்கை மைக்கல் அவளுடைய விபரத்தில்தான் போட்டுப் பார்த்தார், அதனால் பெயர் வந்திருக்கிறது என்றாள். அவளுடைய டெனிஷ் அந்த ஊர் டெனிஷ். ஒரு சொல் கூடத் தடக்கவில்லை.

மைக்கலுக்குக் கோபம் வந்தால் டெனிஷ் கலைந்துவிடும். அவளுடைய அப்பா இறந்தார் என்று தொடங்கினார், கூப்பிட வேண்டாம் என்றாள் என்றார், நான் அவளுக்காக என்றார். ஒன்றோடொன்று சேரவில்லை. இறந்துபோன ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று ஆளணிப் பிரிவுப் பெண்ணுக்கு விளங்கவில்லை. யெஸ்பர் மிகவும் அன்பாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, அவசரப்பட வேண்டாம் என்றார். குழந்தைகளோடு அப்படித்தான் பேசுவார்கள். மைக்கல் அவரைப் பார்ப்பதை விட்டு மிதுஷாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்த முதல் வரியை வாசியும். தமிழிலயே வாசியும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

திரையில் அந்த வரி இருந்தது. மிதுஷா கேட்டவ, தகப்பன்ர பேரால கூப்பிட வேண்டாமாம். அவள் அதைப் பார்த்தாள். பிறகு யெஸ்பரைப் பார்த்தாள்.

"நாங்கள் டெனிஷிலேயே பேசலாமா?" என்று டெனிஷில் கேட்டாள். "எல்லோருக்கும் விளங்க வேண்டும் அல்லவா."

ஆளணிப் பிரிவுப் பெண் நன்றியோடு தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டாள்.

வெளியே கோப்பி இயந்திரம் இரைந்து நின்றது. மைக்கல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், மறுபடி எடுத்து உறையில் போட்டார். ஏப்ரலில் யார் பக்கத்தை மாற்றியது என்று அவர் தேடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். மற்றவர்கள் எழுதிய பக்கங்களை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது அவருடைய பெருமையாக இருந்தது. அன்றும் திறக்கவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர் தானே கேக் கொண்டுவந்து வைப்பது அங்கே வழக்கம். அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்படுபவருக்கு அந்த வழக்கமும் இல்லை. மதியத்துக்குள் மைக்கலின் கணக்கு மூடப்பட்டது. சாமான்களைக் காருக்குக் கொண்டுபோக உதவும்படி யெஸ்பர் மிதுஷாவைக் கேட்டார். உங்கள் மொழியில் ஒருவர் கூட இருந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். பெட்டியில் ஒரு கோப்பை, ஹெட்போன், சிறிய அந்தோனியார் படம், அப்பிள் நறுக்கும் கத்தி. அவள் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவர் முன்னால் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினார்.

வாகனத் தரிப்பிடத்தில் குடாவிலிருந்து காற்று அடித்தது. அவர் காரின் பின்கதவைத் திறந்து பெட்டியை வாங்கி வைத்தார். கதவை உடனே மூடவில்லை.

"இப்பத் தமிழில கதைக்கலாம்தானே?"

அவள் நின்றாள்.

"அண்டைக்குப் பூசை முடிஞ்சு கத்தரீனா அக்கா வீட்டை போனது நாங்கள்தான். என்ர மனிசிதான் அவவுக்கு உடுப்பு மாத்தினது. என்ர டேக்காலதான் எண்டு நினைச்சு நான் அதுக்குப் பிறகு நித்திரை கொள்ளேல்லை." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எதையோ கண்டிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னால மட்டும் இல்லை போல."

பதில் சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவோ நேரம் கொடுத்தார். ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் கதவை அடித்து மூடினார்.

"கொப்பர் ரெண்டு வருசம் உம்மோட கதைக்கேல்லை எண்டு அழுதனீர். பாவம் அந்த மனிசன். கதைச்சிருந்தாலும் நீர் டெனிஷிலதானே மறுமொழி சொல்லியிருப்பீர்."

கார் போனபின் அவள் மேலே ஏறி வந்தாள். எதிர் மேசையில் அப்பிள் தோல் ஒரு கடதாசியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டாள்.

எண்பத்திநான்கையும் எடுக்க மார்ச் வரை சென்றது. அவள் தனியாகவே செய்தாள். நினைத்ததைவிட இலகுவாக இருந்தது. எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன, எங்கே எது இருக்கும் என்று சில நாட்களிலேயே பழகிவிட்டது. பெயர் காட்டும் டேக்கைக் கடைசிக்கு விட்டிருந்தாள். அதே விதியை ஸ்டாண்டர்ட் டேக்கைக் கொண்டும் எழுதலாம். அந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் முதற்பெயரைப் போடு என்றால் தீர்ந்தது. ஒரே வரி. எல்லாப் பக்கத்திலும் ஒன்றுபோல் இருந்தால் ஒருவரை இன்னொருவராக எவரும் எடுக்கமாட்டார்கள். அவள் அதை எழுதியும் பார்த்தாள். ஆனால் பெயரை மாற்றும் எந்த விதியும் இருக்கக் கூடாது என்ற அறிக்கையை யெஸ்பர் எல்லாப் பராமரிப்பு நிறுவனங்களுக்கும் அனுப்பியிருந்தார். அதன் அடியில் அவள் பெயர் இருந்தது. இப்போது அந்த விதியைக் கொண்டுவந்தால், அது முதலில் ஏன் வந்தது, யார் கேட்டு வந்தது என்று ஒருவர் கேட்கக்கூடும். எழுதிய வரியை அழித்தாள். மைக்கலின் டேக்கை, அவருடைய குறிப்போடு, நீக்கினாள். பக்கத்தைப் புதுப்பித்ததும் மேல் மூலையில் மி. நித்தியானந்தன் வந்தது.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. கோல்டிங்கில் சூசைதாசனைப் பார்க்கப் போகும் மாக்கிரட் என்ற உதவியாளர். டெனிஷில் தொடங்கியவர், மிதுஷாவின் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, அய்யான்ர பேர் இப்ப நீக்கிலாஸ் எண்டு விழுது. புதுசா வாற டெனிஷ் பிள்ளையள் அப்பிடியே கூப்பிடுதுகள். அவருக்குச் சரியான கோவம். அது என்ர அப்பர், அவர் செத்து நாப்பது வருசம் எண்டு சொல்லுறார். நேற்று கதவு திறக்கேல்லை. முந்தி மாதிரி மாத்தித் தரேலாதே? உங்களுக்கு இது விளங்கும்தானே?"

மிதுஷாவுக்கு ஓம் என்ற சொல் வாய்வரை வந்தது. மறுமுனையில் மாக்கிரட் காத்திருந்தார். கார் ஒன்றுக்குள் இருந்து பேசுகிறார் போல, மழை கூரையில் விழும் சத்தம் கேட்டது.

இப்போது எல்லா இடத்திலும் ஸ்டாண்டர்ட்தான், தனித்தனியாக மாற்ற முடியாது என்று அவள் டெனிஷில் சொன்னாள்.

மாக்கிரட்டும் டெனிஷில், சரி, விளங்கியது, உதவிக்கு நன்றி என்றார். அழைப்பு முடிந்ததும் தளம் வழமைபோல் தானாகவே பதிந்துகொண்டது. சூ. நீக்கிலாஸ் தொடர்பான கேள்வி. மாற்றம் தேவையில்லை. பதிலளித்தவர் மி. நித்தியானந்தன்.